சந்தேகம் என்றால்

செவன் ஹில்ஸ் என்று பெயர்.
வந்த புதிதில் ஏழுமலை என்று மொழிபெயர்த்துக்கொண்டு
மலையைத் தேடினேன்.
ரயில் நிலையம், டயர் கடை, ஒரு மேடு.
மேட்டுக்குப் பின்னால் இந்த மைதானம்.

பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பெண்கள் அணிக்குப்
பயிற்சியாளர் கிடைக்கவில்லை.
ஆள் வராவிட்டால் அணி கலையும் என்றார்கள்.
வாகன நிறுத்தத்தில் பெற்றோர் எல்லோரும்
அவரவர் சாவிக்கொத்தைக் குனிந்து பார்த்தார்கள்.
நான் சற்றுத் தாமதமாகக் குனிந்தேன்.
அவ்வளவுதான் என் தகுதி.

அந்தப் பந்தை அதுவரை தொட்டதுகூட இல்லை.
பகலெல்லாம் ரத்தம் எடுக்கிற வேலை எனக்கு:
கையை நீட்டுங்கள்,
அந்தப் பக்கம் பாருங்கள்,
எறும்பு கடித்த மாதிரி இருக்கும்.

சான்றிதழுக்கு முதலில் இணையத்தில் பாடம்.
குக்கர் மூன்று விசில் விடுவதற்குள் ஒரு காணொளி.
ஆறு டாக்கிளுக்குள் முன்னேற வேண்டும்,
ஆனால் பந்தைப் பின்னால்தான் எறிய வேண்டும்.
வீட்டுக்கடன் கட்டுகிறவளுக்கு
இது உடனே புரிந்துவிட்டது.

பதினேழாம் கேள்வி:
தலையில் அடிபட்ட பிள்ளை 'எனக்கு ஒன்றுமில்லை' என்கிறாள்.
நீங்கள் என்ன செய்வீர்கள்?
நான்கு விடைகள்.
சந்தேகம் என்றால் வெளியே உட்கார வை.
பச்சை நிறத்தில் ஒரு டிக். அடுத்த கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை நேரடிப் பயிற்சி.
பதினாறு பேரில் பதினைந்து பேர்
கழுத்தே இல்லாத ஆண்கள்.
நடத்தியவள் நெரிடா, முன்னாள் தபால்காரி,
முழங்கால் இரண்டிலும் தழும்பு.
'கன்னம் அவள் இடுப்பை ஒட்டி. கண் திறந்திருக்கட்டும்.
மூடினால் கழுத்து போகும்.'

பஞ்சுப் பையைக் கட்டிப்பிடித்து நின்றேன்.
ஸ்டாவ்ரோ என்கிற எலெக்ட்ரீஷியன் ஓடி வந்தான்.
அதன்பிறகு சிட்னியின் வானம் முழுவதையும்
ஒரே நேரத்தில் பார்த்தேன்.
நெரிடா மேலிருந்து எட்டிப் பார்த்து
அட்டையில் எழுதிக்கொண்டாள்:
நன்றாக விழுகிறாள்.

மிச்சம் ஒன்றுதான்,
உண்மையான ஆட்டத்தில் என்னைப் பார்க்க வேண்டும்.

ஜூலை, சனிக்கிழமை. புல்லில் உறைபனி.
நாலு புள்ளி பின்னால் இருக்கிறோம், ஐந்து நிமிடம் பாக்கி.
பந்து சேலாவிடம்.
எங்களிடம் பந்து என்றாலே அது சேலாவிடம்தான்.
யாருடைய முழங்காலோ அவள் காதோரம் பட்டது.
எழுந்தாள். மண்ணைத் தட்டினாள்.
'ஓக்கே கோச்.'
நடையில் ஒரு நூலிழை கோணல்.
பார்த்தேனா, பார்த்ததாக நினைத்தேனா?
நான்கு விடைகள் எங்கும் தெரியவில்லை.
கயிற்றுக்கு அந்தப் பக்கம் அவள் மாமா:
'அவளுக்கு ஒண்ணுமில்லை! விளையாட விடு!'
என் மகளும் களத்திலிருந்து என்னையே பார்த்தாள்,
அம்மா, இப்பவா என்று.

கையை உயர்த்தினேன்.

அதே நாலு புள்ளியில் தோற்றோம்.
மாமா என்னைக் கடந்து போனார்,
பயிற்சிக்கு வைத்த பிளாஸ்டிக் கூம்பைக் கடப்பதுபோல.
நெரிடா பேனாவை மூடினாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

பெஞ்சில் என் கோட்டைப் போர்த்திக்கொண்டு
சேலா ஆரஞ்சுச் சுளையைச் சப்பிக்கொண்டிருந்தாள்.
'நாம ஜெயிச்சமா, கோச்?'
இல்லை.
'சரி.'
தோலை மடியில் வைத்தாள்.
காலியாகும் மைதானத்தைக் கொஞ்சம் பார்த்தாள்.
'நாம ஜெயிச்சமா?'

மூன்று சைபரை அழுத்தினேன்.
மூன்றாம் தடவை அவள் கேட்டபோது
மாமா காரிலிருந்து திரும்பி வந்திருந்தார்,
தொப்பி கையில்.

ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் வைத்து அனுப்பினார்கள்.
இப்போது நன்றாக இருக்கிறாள்,
விளையாடக் கூடாது என்ற வாரங்களை
என் மேல் கோபத்தோடு எண்ணுகிறாள்.

அட்டை செவ்வாய்க்கிழமை மின்னஞ்சலில் வந்தது.
தகுதிபெற்ற பயிற்சியாளர் என்று போட்டு, என் முழுப்பெயர்,
அதில் இரண்டு எழுத்துப் பிழை.
புகைப்படத்தில்
கண்ணை மூடிக்கொண்டிருக்கிறேன்.